ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் ஏசி குளிர் நின்றுவிடுகிறது, இரண்டு முறை கேஸ் ஏற்றியும் தீரவில்லை

அம்மாப்பேட்டை_கார்:

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் வண்டியை எடுத்தால் ஏசி நன்றாகக் குளிர்கிறது. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் போகும்வரை ஒரு குறையும் இல்லை. மலை ஏறத் தொடங்கி ஏழாவது, எட்டாவது கொண்டை ஊசி வளைவு வந்ததும் காற்று வருகிறது, குளிர் இல்லை. வெளிக்காற்று மாதிரியே வெதுவெதுப்பாக அடிக்கிறது. மேலே போய் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால், ஒன்றுமே நடக்காதது போலச் சில்லென்று வருகிறது.

மார்ச் கடைசியில் ஒரு கடையில் காட்டினேன். கேஸ் குறைந்திருக்கும் என்று சொல்லி ஏற்றினார்கள், 1,500 ரூபாய். மூன்று வாரம் மலைப் பக்கம் போகவில்லை, சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த முறை ஏறும்போது அதே இடத்தில் அதே கதை. வேறொரு கடையில் மறுபடி கேஸ், இன்னொரு 1,800. போன வாரம் ஐந்து ரோடு நெரிசலில் அரை மணி நேரம் நின்றபோதும் குளிர் போய்விட்டது.

அம்மாவுக்கு வீசிங் உண்டு. மாதம் இரண்டு முறை அவரை ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். கண்ணாடியை இறக்கினால் முன்னால் போகும் பஸ் புகை நேராக உள்ளே வருகிறது. கம்ப்ரசரையே மாற்றச் சொல்லி ஒருவர் 18,000 கேட்டார். மாற்றுவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மலை_டாக்ஸி:

அண்ணா, இந்த ரோட்டில் 14 வருஷமாக ஓட்டுகிறேன். சின்ன என்ஜின் வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் கம்ப்யூட்டரே ஏசியைச் சில வினாடி கட் பண்ணும், வண்டிக்கு இழுவை கிடைக்கட்டும் என்று. அது கோளாறு இல்லை. மூன்றாவது கியரில் திணற விடாமல் வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது போட்டு ஏறிப் பாருங்கள்.

அம்மாப்பேட்டை_கார்:

நன்றி தம்பி. இரண்டாவது கியரில்தான் ஏறுகிறேன். வினாடிக் கணக்கில் நின்று திரும்பி வந்தால் கவலைப்பட மாட்டேன். ஓரம் கட்டி என்ஜினை ஐடிலில் பத்து நிமிஷம் விட்டும் குளிர் திரும்பவில்லை.

பழைய_மெக்கானிக்:

சார், கொண்டலாம்பட்டி பக்கம் 22 வருஷம் கார் ஏசி வேலை பார்த்தவன். முதலில் ஒரு வேண்டுகோள், மூன்றாவது முறை கேஸ் ஏற்றாதீர்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. நிஜமாகவே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், கசிவை அடைக்காமல் ஏற்றுவது வீண். உங்கள் வண்டியில் காலையில் சில்லென்று வருகிறது, மூன்று வாரம் கழித்தும் வருகிறது. கேஸ் இல்லாத வண்டி அப்படிக் குளிராது. சூடேறினால் நிற்கிறது, ஆறினால் வருகிறது. அதுதான் இங்கே பிடி.

நாலு விஷயம் சொல்லுங்கள். குளிர் நிற்கும்போது காற்றின் வேகமும் குறைகிறதா? குறைந்தால் உள்ளே கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கும். டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறதா? என்ஜின் அதிகம் சூடானால் கம்ப்யூட்டர் ஏசியை நிறுத்தும். முன்னால் கண்டன்சர், அதாவது கேஸின் சூட்டை வெளியே விடும் வலை, அதன் ஃபேன் ஓடுகிறதா? மலையில் 20, 25 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று போதாது, ஃபேன் நின்றால் பிரஷர் எகிறி பிரஷர் சுவிட்ச் கட் பண்ணிவிடும்.

நாலாவதுதான் முக்கியம். கம்ப்ரசர் முகப்பில் பெல்ட் ஓடும் புல்லி இருக்கும், அதற்கு முன்னால் வட்டமான ஒரு தட்டு. என்ஜின் ஓடினால் புல்லி எப்போதும் சுற்றும். ஏசி போட்டால் உள்ளே இருக்கும் காந்தக் காயில் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும், அப்போதுதான் கம்ப்ரசர் சுற்றும். குளிர் நின்ற அந்த நேரத்தில் தட்டு சுற்றுகிறதா, சும்மா நிற்கிறதா? கடையில் ஆறின வண்டியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கோளாறு வந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். வளைவில் நிறுத்தாதீர்கள், அகலமான ஓரம் பார்த்துக் கல் வைத்து நிறுத்துங்கள். கையோ துண்டோ பெல்ட் பக்கம் போகக் கூடாது.

அம்மாப்பேட்டை_கார்:

அண்ணா, இத்தனை பொறுமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. காற்றின் வேகம் அப்படியே இருக்கிறது. முள் நடுவிலேயே நிற்கிறது. ஏசி ஃபில்டர் போன மாதம் மாற்றியது. மற்ற இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கோரிமேடு_வாசி:

எனக்கு இதே மாதிரி வந்தபோது ரிலே, அதாவது கரண்டை விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச், போயிருந்தது. பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் பல வண்டிகளில் ஒன்றுபோலவே இருக்கும். மேலே அச்சடித்த நம்பர் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பைசா செலவில்லை.

அம்மாப்பேட்டை_கார்:

ஞாயிறு காலை தனியாகவே ஏறினேன், அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. கோரிமேடு நண்பர் சொன்னபடி ரிலேயை முன்பே மாற்றிப் போட்டிருந்தேன். ஒன்பதாவது வளைவு தாண்டியதும் குளிர் நின்றது. கொஞ்சம் மேலே இடம் இருந்தது, நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். ஃபேன் வேகமாக ஓடுகிறது. பெல்ட்டும் புல்லியும் சுற்றுகின்றன. அதற்கு முன்னால் அந்தத் தட்டு அசையாமல் நிற்கிறது. தட்டின் மேல் துருவில் ஒரு கீறல் இருக்கிறது, அது மணி முள் மாதிரி மூன்று மணிப் பக்கம் காட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. உள்ளே போய் ஏசி பட்டனை அணைத்து அணைத்துப் போட்டேன். காலையில் வீட்டு வாசலில் கேட்ட அந்த ‘டக்’ சத்தம் ஒருமுறைகூட வரவில்லை.

பழைய_மெக்கானிக்:

பாதி வேலை முடிந்தது சார். ஃபேன் ஓடுகிறது, ரிலே சரி. இனி இரண்டே கேள்வி. தட்டை இழுக்கும் காயிலுக்குக் கரண்ட் வரவில்லையா, வந்தும் இழுக்க முடியவில்லையா?

ஸ்பேர்ஸ் கடையில் 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் வாங்குங்கள், நூறு ரூபாய்க்குள் வரும். கம்ப்ரசரிலிருந்து வரும் ஒற்றை ஒயர் சாக்கெட்டில், கோளாறு இருக்கும்போது வைத்துப் பாருங்கள். என்ஜினை அணைத்துவிட்டு லாம்ப்பை மாட்டி, ஒயரைப் பெல்ட்டுக்குத் தள்ளிக் கட்டிவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். எரியவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச், உள்ளே குளிரை அளக்கும் தெர்மிஸ்டர், ஒயரிங் பக்கம் தேட வேண்டும். பிரகாசமாக எரிந்தால் கோளாறு கம்ப்ரசர் கிளட்சிலேயேதான், அதாவது அந்தத் தட்டும் காந்தக் காயிலும் சேர்ந்த பகுதியில்.

எனக்குக் கிளட்ச் மேல்தான் சந்தேகம். காரணம் சொல்கிறேன். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி உண்டு. பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை. ஆயிரக்கணக்கான முறை ஒட்டிப் பிரிந்து தேய்ந்து அந்த இடைவெளி கூடிவிடும். காந்தக் காயில் என்பது செம்புக் கம்பி. 30 டிகிரியில் இருந்த கம்பி என்ஜின் சூட்டில் 100 டிகிரிக்குப் போனால் அதன் தடை கால் பங்குக்கு மேல் கூடும், போகும் கரண்ட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். காந்த இழுவை அதைவிட வேகமாக விழும். ஆறியிருக்கும்போது எட்டிப் பிடிக்கிற காந்தம், சூட்டில் அந்தத் தூரத்தைத் தாண்டி இழுக்க மாட்டாது.

இன்னொன்று கவனியுங்கள். ஒருமுறை ஒட்டிக்கொண்ட தட்டு சூட்டிலும் விடாது, ஏனென்றால் நடுவில் இடைவெளியே இல்லை. உள்ளே கூலிங் காயிலில் போதுமான குளிர் வந்ததும் தெர்மிஸ்டர் கம்ப்ரசரை வழக்கம்போல நிறுத்தும் பாருங்கள், அப்போது தட்டு பிரியும். பிரிந்தது திரும்ப ஒட்டாது. அதனால்தான் உங்களுக்குத் திடீரென்று நின்றதுபோலத் தெரிகிறது.

சிலர் ஓடும் என்ஜினில் குச்சியால் தட்டைத் தள்ளி ஒட்டவைத்துக் காட்டுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குச்சி பெல்ட்டில் சிக்கி ஒரு பையன் விரல் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டை_கார்:

லாம்ப் பிரகாசமாக எரிந்தது அண்ணா. தட்டு அசையவே இல்லை.

பழைய_மெக்கானிக்:

அப்படியானால் கம்ப்ரசர் மாற்ற வேண்டாம். ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்து இடைவெளியை அளக்கத் தெரிந்த கடைக்குப் போங்கள். என்ஜின் அணைத்து, பேட்டரி நெகட்டிவ் கழற்றி, நடு போல்ட்டை எடுத்தால் தட்டு கையில் வந்துவிடும். அதன் அடியில் மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் இடைவெளி குறையும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு என்ன என்று கேட்டு அதற்கேற்ப வைக்கச் சொல்லுங்கள். அதிகம் குறைத்தாலும் தவறு, தட்டு உரசி எரியும்.

கூடவே கேஸையும் மெஷினில் முழுதாக எடுத்து எடை போடச் சொல்லுங்கள். இரண்டு கடையில் குத்துமதிப்பாக ஏற்றியிருக்கிறார்கள். நின்ற வண்டியில் பிரஷர் கேஜ் பார்த்து அளவு சொல்வது முடியாத காரியம். 30 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ கேஸ் கொஞ்சம் இருந்தாலும் சரி, நிறைய இருந்தாலும் சரி, உள்ளே துளி திரவம் இருக்கும்வரை கேஜ் 97 பி.எஸ்.ஐ. பக்கம்தான் காட்டும். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு. கேஸ் கூடுதலாக இருந்தால் பிரஷர் ஏறி, தட்டு பிடிப்பது இன்னும் கடினமாகும். அப்படியே காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள் சார். எடைக்கு எடை பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது.

அம்மாப்பேட்டை_கார்:

எல்லாருக்கும் செய்தி சொல்லவே வந்தேன். அளந்தபோது இடைவெளி 0.9 மி.மீ. இருந்தது. மெக்கானிக் எனக்கும் கேஜைக் கொடுத்து நுழைத்துப் பார்க்கச் சொன்னார். கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தகடு உரசாமல் போய் வந்தது. ஒரு ஷிம்மை எடுத்தார், கையில் வைத்துப் பார்த்தால் ஸ்வீட் பெட்டி அட்டையைவிட மெல்லிசு. இப்போது 0.45.

கேஸ் விஷயத்திலும் அண்ணன் சொன்னது அப்படியே. ஸ்டிக்கரில் 380 கிராம். மெஷினில் வெளியே வந்தது 520. பணம் கொடுத்து இரண்டு முறை ஏற்றிய கேஸ் கோளாறைக் கூட்டியிருக்கிறது என்று நினைத்தபோது மனசு கசந்தது. அரை மணி நேரம் வாக்யூம் போட்டு, சரியாக 380 ஏற்றினார். கிளட்ச் வேலைக்கு 600, கேஸுக்கு 1,700.

நேற்று அம்மாவோடு போனேன். உள்ளே காற்றுத் துளையில் சின்ன தெர்மாமீட்டர் செருகியிருந்தேன். அடிவாரத்தில் 9 டிகிரி, பத்தாவது வளைவில் 8. இருபதாவது வளைவு முடிந்து ஏரி தெரியும்போதும் அப்படியே. நடுவில் ஓரம் கட்டி ரேடியோவை அணைத்துக் காது கொடுத்தேன். ‘டக்’, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ‘டக்’. அம்மா பன்னிரண்டாவது வளைவிலேயே தூங்கிவிட்டார். இன்ஹேலர் பையைவிட்டு வெளியே வரவில்லை.

அண்ணா, நீங்கள் முகம் தெரியாதவர். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

பழைய_மெக்கானிக்:

அம்மா தூங்கினார்கள் என்றீர்களே சார், எனக்கு அது போதும். வருஷம் ஒருமுறை இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். ஷிம் எல்லாம் எடுத்த பிறகும் கூடினால் கிளட்ச் செட் மட்டும் மாற்றினால் போதும்.

ஓமலூர்_ஆசிரியை:

எனக்கு நேர்மாறாக இருக்கிறது. பைபாஸில் ஓடினால் நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடு. இதுவும் கிளட்சா?

பழைய_மெக்கானிக்:

இல்லைங்க மேடம், அது பெரும்பாலும் ஃபேன், இல்லையென்றால் கண்டன்சரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும். நிற்கும்போது ஏசி போட்டு ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் ஒரு குடம் தண்ணீரை முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள். உடனே குளிர் கூடினால் சந்தேகமே வேண்டாம், கண்டன்சரின் சூடு வெளியேறவில்லை. முதலில் அதைக் கழுவச் சொல்லுங்கள். ஃபேன் ஓடவில்லை என்றால் டெஸ்ட் லாம்ப் வைத்து மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா பார்க்க வேண்டும்.

அம்மாப்பேட்டை_கார்:

மேடம், டெஸ்ட் லாம்ப் என்னிடம் இனிமேல் சும்மாதான் இருக்கும். அம்மாப்பேட்டை பக்கம் வந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொண்டு போகலாம்.