முதல் தனிப் பயணம்: 11 கிலோ பையை 7 கிலோ ஆக்குவது எப்படி?

வணக்கம். மூன்று வாரம் தனியாக வெளிநாடு போகிறேன். தோளில் 40 லிட்டர் பை ஒன்றுதான். எல்லாவற்றையும் அடைத்து நிறுத்தால் 11 கிலோ! குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் அனுமதி. எதைக் குறைப்பது? தினச் செலவை எப்படிப் போடுவது?

பதில் 1:
முதலில் ஜீன்ஸை எடுத்துவிடுங்கள். நனைந்தால் லேசில் காயாது. மெல்லிய டிசர்ட் மூன்று போதும். ராத்திரி துவைத்து, காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி இறுக்கி முறுக்குங்கள். துண்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காலையில் போட்டுக்கொள்ளலாம். ஐந்து வாரம் இப்படித்தான் ஓட்டினேன். பவர் பேங்கின் மின்கொள்ளளவு 100 வாட்-அவருக்குள் (Wh) இருக்கட்டும், அதுவும் கைப்பையில்தான்.

பதில் 2:
டிக்கெட், விசா, காப்பீடு மூன்றையும் தனியாக ஒதுக்குங்கள். மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு வைத்துவிட்டு, மற்றதை நாட்களால் வகுங்கள். ஊர் மாறும் நாளில்தான் பணம் கரையும். அதனால் எட்டு ஊர் என்று திட்டமிருந்தால் நான்காக்குங்கள், தயவுசெய்து. அப்புறம், ஏடிஎம் எந்தப் பணத்தில் கழிக்கட்டும் என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

கேட்டவர்:
ஜீன்ஸ், இரண்டாவது ஷூ, தடி புத்தகம் வெளியே. இப்போது 8.2 கிலோ!

பதில் 1:
சரி, ஷூவையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டே ஏறுங்கள். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதம் செல்லுமா என்று இன்றே பாருங்கள்.