வீட்டில் செய்யும் ஆர்கேட் பெட்டிக்கு 1,500 ரூபாய்க்குள் ஸ்பீக்கர்: எந்த டிரைவர், எந்த ஆம்ப்?

அண்ணாநகர்_ஜாய்ஸ்டிக்

மேசை மேல் வைக்கிற அளவில் ஒரு ஆர்கேட் பெட்டி, 12 எம்எம் பிளைவுட். உள்ளே ராஸ்பெர்ரி பை 4 (கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டு; கீழே "பை" என்பது இதுதான்), பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருள், ஸ்பீக்கர் இல்லாத 19 இன்ச் எல்சிடி மானிட்டர். உள் அகலம் 48 செ.மீ. மேலே பெயர்ப்பலகைக்குக் கீழே 18 செ.மீ. ஆழத்தில் ஒரு பலகை வருகிறது. இரண்டு ஸ்பீக்கரை அதில் கீழ்நோக்கிப் பதிக்கலாம் என்று யோசனை.

சோதனைக்கு பேம்8403 என்ற ஒரு சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போர்டை பையின் 5 வோல்ட் பின்னிலிருந்தே ஓட்டிப் பார்த்தால், பாட்டுக்குப் பின்னால் "கீ..." என்று ஒரு இரைச்சல். மெனுவை நகர்த்தினால் அதன் சுருதியும் மாறுகிறது. பெரிய ஆம்ப் வாங்கினால் இது போகுமா? கூடவே சின்ன சப்வூஃபர் சேர்க்கலாமா? எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே கிடைத்தால் நல்லது.

ஈயப்பத்து

பெரிய ஆம்ப் போட்டா அந்த இரைச்சலும் பெருசாத்தான் கேக்கும் தலைவா. குறை போர்டுல இல்ல, கிரவுண்ட்ல, அதாவது கரண்ட் திரும்பிப் போற பொது ஒயர்ல. ஆம்ப் இழுக்குற கரண்ட் பையோட கிரவுண்ட் வழியா திரும்புது. ஆடியோ ஒயரோட கிரவுண்டும் அங்கதான் சேருது. பை வேலை செய்யச் செய்ய கரண்ட் ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் சிக்னலோட கலந்துடும். மெனு நகந்தா சுருதி மாறுறது அதனாலதான்.

ஆம்புக்குத் தனி அடாப்டர் குடுங்க. ரெண்டுமே ரெண்டு பின் அடாப்டரா இருந்தா, பைக்கும் ஆம்புக்கும் நடுவுல ஆடியோ ஒயர் மட்டும்தான் இணைப்பு, கிரவுண்ட் ரெண்டு வழியா சுத்தி வர்ற லூப் உருவாகாது. ஒரே 12 வோல்ட் சப்ளையில, வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் போர்டு போட்டு பையையும் ஓட்டணும்னா, நடுவுல ஒரு 3.5 எம்எம் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடுங்க. அதுக்குள்ள குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும். அடி பேஸ் கொஞ்சம் குறையும், இந்தப் பெட்டியில அது தெரியவே தெரியாது.

இதுக்கப்புறமும் "உஸ்"ஸுன்னு சன்னமா கேட்டா அது பையோட ஹெட்ஃபோன் ஜாக். அங்க ஆடியோ பிடபிள்யூஎம் முறையில, அதாவது வேகமா ஆன்-ஆஃப் ஆகுற துடிப்பா வருது, சுத்தமா இருக்காது. விலை கம்மியான யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு போட்டா முடிஞ்சது.

ஆம்புக்கு டிபிஏ3110 போர்டு, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர். பேம்8403-ல 5 வோல்ட்டுக்கு 4 ஓம்ல சேனலுக்கு 3 வாட் வரும்; அது கிழிஞ்ச சத்தத்தோட வர்ற 3 வாட். முகத்துக்கு நேரா இருக்குற பெட்டிக்கு அதுவே ஓரளவு போதும்னாலும், 12 வோல்ட் போர்டுல பாதி வால்யூம்ல வச்சா சத்தம் தெளிவா இருக்கும்.

ரெண்டு போர்டுக்கும் பொதுவா ஒண்ணு: ஸ்பீக்கர் மைனஸ் ஒயர் ரெண்டையும் ஒண்ணா சேர்க்காதீங்க, பாடி கிரவுண்ட்லயும் கட்டாதீங்க. அந்த மைனஸ் கிரவுண்ட் இல்ல, அதுலயும் சிக்னல் ஓடுது. ஐசி போயிடும். வால்யூம் கண்ட்ரோல் கேக்கும்போது "டூயல், ஏ10கே"ன்னு கேளுங்க; ரெண்டு சேனலும் சேர்ந்து திரும்பும், சத்தம் காதுக்குச் சீரா ஏறும். பி10கே குடுத்தா முதல் கால் திருப்புலயே சத்தம் சட்டுன்னு ஏறிடும்.

சப்வூஃபர் வேண்டாம். பழைய ஆர்கேட் மெஷின்ல பெரும்பாலும் மோனோதான், காகிதக் கோன் ஸ்பீக்கர்தான். 1980 பேக்மேனுக்கு எதுக்கு சப்வூஃபர்?

மயிலாப்பூர்_மரவேலை

ஆம்ப் பற்றி மேலே சொல்லியாயிற்று. பட்ஜெட்டில் மிச்சம் இருப்பதை டிரைவரில் (பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கரில்) கொட்டாமல் அதன் பின்பெட்டியில் செலவிடுங்கள். ஸ்பீக்கரை வெறுமனே பலகையில் பதித்தால், கோனின் பின்பக்க அலை பட்டன் ஓட்டை, மானிட்டர் இடுக்கு வழியாக வெளியே வந்து முன்பக்க அலையோடு மோதி பேஸை அழித்துவிடும். போதாததற்கு பெயர்ப்பலகை அக்ரிலிக் "டர்ர்" என்று அதிரும்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 9 எம்எம் பிளைவுட்டில் தனிப் பெட்டி: உள்ளளவு 14 × 12 × 14 செ.மீ. இது 2.3 லிட்டர், காந்தம் அடைக்கும் இடம் போக ஏறக்குறைய 2 லிட்டர் நிற்கும், 4 இன்ச் டிரைவருக்குப் போதும். வெளி ஆழம் 13.8 வருவதால், 18 செ.மீ. பலகையில் பின்பக்கம் ஒட்டி வைத்தால் முன்னால் 4 செ.மீ. எல்இடி விளக்குக்கு மிஞ்சும். மூலைகளில் ஃபெவிகால் வழிய விட்டு அடையுங்கள், ஒயர் ஓட்டையையும் சேர்த்து. உள்ளே தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு, அமுக்காமல். இலவம்பஞ்சு வேண்டாம், நாளடைவில் கட்டி தட்டிவிடும்.

ஓட்டை அளவைக் கடைக்காரர் சொல்வதை வைத்து வெட்டாதீர்கள். "4 இன்ச்" என்பது ஃபிரேமின் அளவு. வெட்டு அதைவிடச் சிறியது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிரைவர் கைக்கு வந்த பிறகு அட்டையில் அச்சு எடுத்து வெட்டுங்கள். ஃபிரேமுக்கு அடியில் 3 எம்எம் ஃபோம் டேப், 6-ஆம் நம்பர் அரை இன்ச் ஸ்க்ரூ, அதற்கு முன் 2 எம்எம் துளை. முறுக்கும்போது கோன் மேல் ஒரு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஸ்க்ரூடிரைவரை இழுக்கும், வழுக்கினால் நேராகக் கோனில்தான் இறங்கும்.

பிளைவுட்டுக்குப் பதில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் வெட்டிய விளிம்புகளுக்குப் பிரைமர் கட்டாயம், இல்லையென்றால் ஒரு மழைக்காலத்தில் ஊதிவிடும். டிரைவரில் ஃபோம் விளிம்பைத் தவிர்த்து ரப்பர் விளிம்பு கேளுங்கள். ஃபோம் இங்கே சீக்கிரம் பொடியாகும்.

அண்ணாநகர்_ஜாய்ஸ்டிக்

ரெண்டு பேருக்கும் நன்றி. புதுப்பேட்டையில் பழைய கார் ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கிறதே, அது சரிப்படுமா? பழைய டிவியிலிருந்து கழற்றிய 8 ஓம் ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் கையில் இருக்கிறது.

ஈயப்பத்து

கையில இருக்குறத விட்டுட்டு ஏன் புதுப்பேட்டை? டிவி ஸ்பீக்கர் குறைஞ்ச வாட்லயே நல்லா கத்தும், பேச்சு ரேஞ்ச் தெளிவா இருக்கும். 8 ஓம்ங்கறதால ஆம்ப்ல பாதி பவர்தான் எடுக்கும், அதுவும் நல்லதுதான். கார் ஸ்பீக்கர்தான் வேணும்னா, வாங்குறதுக்கு முன்னாடி கோனை ரெண்டு விரலால மெதுவா அழுத்துங்க. கரகரன்னு உரசுச்சுன்னா வச்சுட்டு வந்துடுங்க, காயில் போயிருக்கு.

எதைப் போட்டாலும் 1.5 வோல்ட் பேட்டரி செல்லை ஒரு நொடி வச்சுப் பாருங்க. ரெண்டு கோனும் ஒரே பக்கம் தள்ளணும். ஒண்ணு உள்ள போனா அதோட ஒயரை மாத்துங்க, இல்லைன்னா இருக்குற கொஞ்ச பேஸும் காணாமப் போயிடும்.

வெடிச் சத்தத்துல கோன் படபடன்னு அடிச்சா, ஸ்பீக்கர் ஒயர்ல சீரிஸ்ல ஒரு நான்போலார் (பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) கெப்பாசிட்டர்: 8 ஓமுக்கு 220 மைக்ரோஃபாரட், 4 ஓமுக்கு 470. ரெண்டுலயும் ஏறக்குறைய 85-90 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற பேஸ் குறையும். நான்போலார் கிடைக்கலைன்னா சாதா 25 வோல்ட் கெப்பாசிட்டர் ரெண்டை, மைனஸோட மைனஸ் சேர்த்து போடுங்க. மதிப்பு பாதியாகும், அதனால 4 ஓமுக்கு 1000 ரெண்டு, 8 ஓமுக்கு 470 ரெண்டு.

மயிலாப்பூர்_மரவேலை

ஓவல் என்றால் நான் சொன்ன பெட்டி அளவு செல்லாது. அந்த ஸ்பீக்கரின் நீளம், அகலம், காந்தத்தின் ஆழம் மூன்றையும் அளந்து போடுங்கள், பெட்டியைத் திருத்திச் சொல்கிறேன்.