மாநிலக் கொடி எந்தப் பக்கம்?

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மண்டபத்தின் முன்னால் ஆகஸ்ட் 31 சுதந்திர தினத்துக்கு மலேசியத் தேசியக் கொடியான ஜாலோர் கெமிலாங்கும் எங்கள் பேராக் மாநிலக் கொடியும் ஏற்றப்போகிறோம். கம்பம் இரண்டுதான், ஒரே உயரம். எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம் தேசியக் கொடி வரணும் என்கிறார் தலைவர். கோயில் கமிட்டி அண்ணன் வலப்பக்கம் என்கிறார். எது சரி?

பேராக் கொடியில் மேலே வெள்ளை, நடுவே மஞ்சள், கீழே கறுப்பு. அதில் சண்டையில்லை. ஆனால் ஜாலோர் கெமிலாங்கைச் சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால் பிறையும் நட்சத்திரமும் உள்ள நீலக் கட்டம் எந்த மூலைக்கு? பையன்கள் தலைகீழாகக் கட்டிவிட்டால் அப்புறம் வாட்ஸ்அப் முழுக்க நாங்கள்தான்!

போன வருஷக் கொடி வெளுத்துக் கிழிந்துபோச்சு, அதை என்ன செய்வது? பள்ளியில் கொடியேற்றிப் பழகிய ஆசிரியர்கள் சொல்லுங்க. படம் இருந்தால் இன்னும் நல்லது.