உளுந்தைத் திரும்பச் சாக்கில் கொட்டினார்: திருகோணமலையில் கடை கண்ணிக்குப் போன அனுபவங்கள்

மதுரைப் பெண்

வீட்டுக்காரருக்குச் சம்பூர் சூரிய மின் திட்டத்தில் வேலை. அதனால் திருகோணமலை டவுனில் குடியிருக்கிறோம். ஊரில் தெருமுனைக்குப் போனால் தோசை மாவு, வாசலைத் திறந்தால் பால் பாக்கெட். இங்கே நான் ஏறி இறங்கிய கடைகளில் அரைத்த மாவு கிடைக்கவில்லை. பாலுக்குப் பெரும்பாலும் அங்கர் பால்மாதான், அதாவது பால் பவுடர். அதெல்லாம் பழகிவிட்டது. மனசை விட்டுப் போகாதது வேறு.

நல்ல மழை, மத்திய வீதிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. உளுந்து, வெந்தயம், மிளகாய் வற்றல் எல்லாம் நிறுத்துக் கட்டியாகிவிட்டது. போனை நீட்டினேன். 2024 பிப்ரவரியிலேயே நம் யுபிஐ இலங்கைக்கு வந்துவிட்டதே, கல்லா ஓரத்தில் க்யூஆர் அட்டையும் ஒட்டியிருந்ததே என்ற தைரியம். திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது, பணம் போகவில்லை. பர்ஸில் இந்திய நோட்டுதான். பின்னால் நாலைந்து பேர். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பையின் முடிச்சை அவிழ்த்தார், உளுந்தை அப்படியே சாக்கில் திரும்பக் கொட்டினார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

உப்புவெளி வாசி

தங்கச்சி, கடைக்காரரில் பிழை சொல்ல ஏலாது. முன்பின் தெரியாத ஆளுக்கு எப்படிக் கடன் தருவார்? தெரிந்த ஆள் என்றால் கொப்பியில் எழுதிவிட்டுத் தருவார்கள்.

நானும் டோஹாவில் இருந்தவன்தான். அங்கே எனக்கு இல்லாமல் போனது, விடியக்காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் (ரொட்டி) விற்க வரும் ஓட்டோ. ஒரு வெள்ளிக்கிழமை ரூமில் யாரோ போனில் அந்தப் பாட்டை வைக்க, நித்திரையில் இருந்த நாங்கள் எல்லாரும் எழும்பிக் கதவடிக்குப் போய்விட்டோம்.

சரி, உங்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். யுபிஐ என்றால் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை முதலில் செயலியில் திறந்து வைக்க வேண்டும். கடையில் இருப்பது இலங்கையின் பொது க்யூஆரான லங்கா க்யூஆர் ஆகவும் இருக்க வேண்டும். எதற்கும் கையில் காசு வைத்திருங்கோ. தோல் உளுந்து கிடைத்தால் விடாதீர்கள், ஊறவைத்துக் கையால் பிசைந்து அலசினால் தோல் மிதந்து வந்துவிடும், மா நன்றாகப் பொங்கும். இட்டலிக்கு வெள்ளை நாட்டரிசி, புழுங்கலாகப் பார்த்து வாங்குங்கோ. சம்பா சோற்றுக்கு நல்லது, இட்டலிக்கு வேண்டாம். தயிருக்குப் பாக்கெட் தேடாதீர்கள், கிண்ணியா எருமைத் தயிர் சட்டியோடு வரும். சட்டியைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கோ, தயிர் அசையாமல் நிற்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தால் வேறு சட்டி கேளுங்கோ. போயா நாளில் (பௌர்ணமி விடுமுறை) இறைச்சிக் கடை பூட்டு, முதல் நாளே வாங்கி வையுங்கோ. மீனுக்கு விடியவே சந்தைக்குப் போக வேண்டும், வெயில் ஏறிய பிறகு போய்ப் பிரயோசனமில்லை.

சீனன்குடாவில் ஒரு தஞ்சாவூர்க்காரன்

அண்ணே, அந்தத் தங்கச்சி கடன் கேட்டதாக எங்கேயும் எழுதவில்லை. கடைக்காரர் ரெண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாம், பையை ஓரமாக வைத்துவிட்டு “காசு எடுத்துக்கொண்டு வாங்கோ” என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் தங்கச்சி சொல்கிறார்.

எனக்கும் மாவுதான் பிரச்சினை. போன தடவை ஊருக்குப் போய்விட்டு நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலில் டேபிள் டாப் கிரைண்டரோடு வந்தேன். உருளைக் கற்களை அப்பாவின் பழைய வேட்டியில் அம்மா சுற்றிக் கொடுத்திருந்தார். இறங்கியதும் சுங்க அதிகாரி அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் எடுத்தார். வேட்டியை விலக்கினார், கல்லை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். “இது மாவாட்டுற கல் எல்லோ” என்றார். அப்புறம் அவரே சுற்றி முடிச்சுப் போட்டார், அம்மா போட்டதைவிட இறுக்கமாக. அந்த மனிதரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒன்று கவனியுங்கள். மின்சாரம் ரெண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக்தான் வேறு. நம்முடையது உருண்டை முள், இங்கே புது வீடுகளில் சதுர முள்.

ஸ்காபரோ மகள்

நான் பிறந்தது இங்கேதான், ஆனால் பிள்ளைகள், வேலை எல்லாம் கனடாவில். அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கோணேசர் கோயிலடியில் இருக்க ஆசை, கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

அங்கே கடைக் கதவு தானாகத் திறக்கும், வாசலில் படி இருக்காது. அம்மா தானே உருட்டிக்கொண்டு போய்த் துணியைத் தடவிப் பார்த்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அடுத்த வரிசைக்குப் போவார். இங்கே சேலைக் கடை வாசலில் உயரமான படிகள். அம்மாவை ஓட்டோவில் இருத்திவிட்டு நான் மட்டும் ஏறினேன். கடையில் நின்ற பிள்ளை நல்ல பிள்ளை, சேலைகளைக் கைநிறையப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி வந்தது. அம்மா ஒன்றின் கரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். ரோட்டால் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “எனக்கு வேண்டாம் பிள்ளை, போவம்” என்றார். எழுபது வயது தாண்டியவர், ரோட்டில் வைத்துச் சேலை பார்க்க வேண்டியிருந்தது.

கொப்பியில் எழுதித் தருவார்கள் என்று உப்புவெளி அண்ணை சொல்கிறார். படி ஏறக்கூடிய ஆளுக்குத்தானே அந்தக் கொப்பி?

உப்புவெளி வாசி

பிள்ளை, மனசு கஷ்டமாக இருக்கிறது. மரக்காலையில் (மரம் விற்கும் இடம்) நல்ல அகலமான பலகை ஒன்று வெட்டுவித்து ஓட்டோவின் பின்னால் வைத்துக்கொள்ளுங்கோ. கீழே ரப்பர் துண்டு அடித்தால் வழுக்காது. நாற்காலியைப் பின்பக்கமாக…

ஸ்காபரோ மகள்

அண்ணை, பலகை நான் கொண்டுபோக வேண்டியதில்லை. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் அணுகல் வசதி வேண்டும் என்று இலங்கையில் 2006இலேயே ஒழுங்குவிதி போட்டுவிட்டார்கள். அந்தக் கடை வாசலில் சரிவுப் பாதை கட்ட இடமும் இருக்கிறது. இப்போது அங்கே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள்.