பாடுவியா, பாடுவிப்பியா?

பொருள்: செய்முறைத் தாளுக்கு மூன்று சொற்கள் (வியாழனுக்குள்)

நொய்யல் எழுதியது:

மடற்குழு அவையோர்க்கு வணக்கம். கணினி வரலாற்று வகுப்புக்காக எங்கள் துறையின் பழம்பொருள் அலமாரியைக் குடைந்தபோது சன் நிறுவனத்தின் பணிநிலையக் கணினி ஒன்றும், ஸ்கசி (SCSI) வடத்தில் அதனோடு இணைந்த குறுந்தகட்டு இயக்ககம் ஒன்றும் உயிரோடு கிடைத்தன. இயக்ககத்தின் முகப்பில் ஹெட்போன் துளை, பக்கத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம். இசைத்தகட்டை இட்டு, வொர்க்மேன் என்னும் இசைத்தகட்டு நிரலைத் திறந்து, பொத்தானை அழுத்தினேன். பாட்டு வந்தது. நிரலை மூடினேன். பாட்டு நிற்கவில்லை! "அப்படியென்றால் யார்தான் பாடுகிறார்கள் மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

அந்தக் கேள்வியை வைத்தே செய்முறைத் தாளை எழுதுகிறேன். தமிழ்ச் சொல் கிடைக்காமல் மூன்று இடங்களில் பேனா நிற்கிறது. ஒன்று பிளே. இரண்டு ரிப், அதாவது தகட்டிலுள்ள பாட்டைக் கணினிக்குள் கோப்பாக எடுத்துக்கொள்வது. மூன்று, தகட்டை வைத்து உள்ளே செருகும் அந்தப் பிளாஸ்டிக் கூடு. caddy என்னும் ஆங்கிலப் பெயரை அப்படியே எழுதினால் 'கேடியை உள்ளே தள்ளுக' என்று வருகிறது, ஆய்வகம் காவல் நிலையமாகிவிடும். வியாழன் காலை 9 மணிக்குத் தாள் அச்சுக்குப் போக வேண்டும்.

பழைய பொறியாளன் எழுதியது:

அம்மா, அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். பாடுவது உங்கள் கணினி அன்று. இந்த நிமிடம், இந்த நொடி தொடங்கி இதுவரை வாசி என்று ஸ்கசி வழியாக ஒரு கட்டளை போகிறது, அவ்வளவுதான். எண்ணை ஒலியாக மாற்றும் சில்லு இயக்ககத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து நேரே ஹெட்போன். கணினியின் நினைவகத்துக்குள் பாட்டில் ஒரு பைட்டுகூட வராது. நிரல் அவ்வப்போது 'எங்கே இருக்கிறாய்?' என்று கேட்டுத் திரையில் நேரத்தைக் காட்டும். அதை மூடினால் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை, பாடுவதற்கு இருக்கிறது.

சிலிக்கான் கிராபிக்ஸ் பணிநிலையங்களில் கதை வேறு. அவர்கள் இயக்ககத்தின் உள்நிரலை மாற்றி, ஒலித் தரவையே ஸ்கசி வழியாக இழுத்து, கணினியின் சொந்த ஒலிச்சில்லில் வாசித்தார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவர்களுக்கு வேறுபாடு பிடிபடாது.

இலக்கணப்பித்தன் எழுதியது:

இதற்கா இத்தனை கலக்கம்! நன்னூலில் பவணந்தியார் தீர்த்துவைத்துவிட்டுப் போன வழக்கு இது. விகுதி வி, பி தனியே வந்தால் 'செய்வி' என்னும் ஏவல். இணைந்து வந்தால் ஈரேவல், அதாவது இன்னொருவரைக் கொண்டு செய்விக்கச் சொல்லும் இரட்டை ஏவல். பாடு, பாடுவி, பாடுவிப்பி.

இப்போது பொறியாளரின் இரண்டு பெட்டிகளையும் பாருங்கள். சிலிக்கான் கிராபிக்ஸில் கணினியே வாசிக்கிறது. ஆகவே திரைப் பொத்தானில் 'பாடு'. சன்னில் கணினி இன்னொன்றை வாசிக்கச் செய்கிறது; பொத்தானில் 'பாடுவி'. ஆசிரியை தம் தாளில் மாணவரை ஏவுகிறார், மாணவர் நிரலை ஏவுகிறார், நிரல் இயக்ககத்தை ஏவுகிறது. ஆகவே தாளில் 'பாடுவிப்பி'. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிற இடத்தில் நமக்கு மூன்று படி. இதைவிட என்ன வேண்டும்?

வல்லைவெளி எழுதியது:

புலவர் ஐயா, கணக்கு அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'பாடுவிப்பி' என்று ஒரு பிள்ளை வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலும் சரி, கோயம்புத்தூரிலும் சரி, சனம் சொல்வது 'பாட்டுப் போடு' என்பதுதான். இசைத்தட்டுக் காலத்திலிருந்து ஒலிநாடாவைத் தாண்டி வந்த சொல். அதையே வைக்கலாமே. (எங்கள் பக்கத்தில் குறுந்தகடும் இல்லை, இறுவட்டு. அந்தச் சண்டையை இன்றைக்குத் தொடங்கவில்லை.)

நொய்யல் எழுதியது:

'போடு' என் முதல் வரைவிலேயே இருந்தது. படி 2: தகட்டைப் போடுக. படி 5: போடுக. ஒரு மாணவன் படி 5இல் இன்னொரு தகட்டைத் தேடிக்கொண்டு போனான்.

பழைய பொறியாளன் எழுதியது:

பாடு என்பதே எனக்கு உறுத்துகிறது. தகட்டில் வீணை மட்டும் இருந்தால்? சொற்பொழிவு இருந்தால்? 'ஒலிப்பி' என்று பொதுவாக வைக்கலாம். புலவருக்குப் பிடித்த விகுதியும் கிடைத்துவிடும்.

இலக்கணப்பித்தன் எழுதியது:

வீணையும் பாடும், குயிலும் பாடும், வண்டும் பாடும். தகடு பாடினால் மட்டும் உறுத்துகிறதா? ஒலிப்பி என்றால் மணியடிக்கிற ஞாபகம்தான் வருகிறது.

வல்லைவெளி எழுதியது:

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். ரிப் என்பதற்கு 'கிழித்தல்' என்று எழுதிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 'உங்கள் வட்டு வெற்றிகரமாகக் கிழிக்கப்பட்டது.' அதன் பிறகு எந்தச் சொல்லும் எனக்குப் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. 'ஒலிபெயர்த்தல்' எப்படி?

இலக்கணப்பித்தன் எழுதியது:

ஒலிபெயர்ப்பு ஒரு மொழியின் சொல்லை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதுவதற்கு ஆகிவந்துவிட்டது. அங்கே கை வைக்காதீர்கள். 'வடித்தல்' என்கிறேன். சோற்றிலிருந்து கஞ்சியை வடிப்பது போல.

நொய்யல் எழுதியது:

கஞ்சியை வடித்தால் பானையில் கஞ்சி இருக்காது, ஐயா. இங்கே தகட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. 'உரித்தல்' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். எனக்கும் முதலில் ஆட்டுத்தோல்தான் நினைவுக்கு வந்தது. பிறகு அம்மா என் தம்பியைப் பற்றிச் சொல்வது நினைவுக்கு வந்தது: 'அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்.' அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார். தம்பியோ அச்சு அசல் அவர்தான். இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

பழைய பொறியாளன் எழுதியது:

உரித்தலுக்கு என் வாக்கு. ஆனால் அச்சு அசல் என்பதை மட்டும் தாளில் எழுதிவிடாதீர்கள், பழைய இயக்ககங்களில் அது நடக்காது. தரவுத் தகட்டின் ஒரு கூறில் (செக்டர்) 2048 பைட் தரவு; அதற்கு மேல் 304 பைட்டில் முகவரியும் பிழைதிருத்தமும் இருக்கின்றன. ஒலித் தகட்டில் அதே கூறின் 2352 பைட்டும் ஒலி. கூறுக்குள் முகவரியே கிடையாது. நொடிக்கு 75 கூறுகள் ஓடுகின்றன. எங்கே நிற்கிறோம் என்பதை அறிய, பக்கத்தில் ஓடும் க்யூ துணைத்தடத்தின் நேரக்குறிப்புதான் துணை. அதை நம்பி ஓர் இடத்துக்குப் போனால் கொஞ்சம் முன்னே பின்னே விழும். துண்டு துண்டாகப் படித்து ஒட்டினால் ஒட்டுவாயில் 'டிக்' என்று கேட்கும். இதை ஜிட்டர் என்பார்கள். 'நடுக்கம்' என்று எழுதினால் தவறு. எதுவும் நடுங்கவில்லை, இடம்தான் பிசகுகிறது.

சிடி பாரனோயா போன்ற நிரல்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்கின்றன. ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டின் கடைசிப் பகுதியிலிருந்தே மறுபடி படிக்கத் தொடங்கி, இரண்டிலும் பொதுவாக வரும் பகுதியைப் பொருத்திப் பார்த்து ஒட்டுகின்றன.

இலக்கணப்பித்தன் எழுதியது:

நிறுத்துங்கள். முந்தையதன் முடிவில் அடுத்ததன் தொடக்கம். இது அந்தாதி! ஏட்டில் பக்க எண் இல்லாமல் சுவடி கலைந்துபோனாலும் அந்தாதி நூலை மறுபடி அடுக்கிவிடலாம், காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி தொடங்கி அதுதானே அதன் வசதி. முகவரி இல்லாத கூறுகளை அடுக்க அதே உத்தி. 'அந்தாதிப் படிப்பு' என்று வையுங்கள். இதற்கு எதிர்ப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

வல்லைவெளி எழுதியது:

எதிர்ப்பு இல்லை, ஐயா. முதல் தடவையாக.

கிள்ளான் எழுதியது:

தாமதத்துக்குப் பொறுத்தருள்க, இப்போதுதான் மடல்களைப் பார்த்தேன். மூன்றாவது சொல்லை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அந்தக் கேடி, கோல்ஃப் மைதானத்தில் பை சுமக்கும் ஆளின் பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. தேயிலை வைக்கும் பெட்டியின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெட்டிக்கோ எங்கள் மலாய் நிறுத்தலளவையான காத்தியிலிருந்து பெயர் வந்தது. ஒரு காத்தி ஏறத்தாழ 600 கிராம். என் பாட்டி சந்தையில் மீன் வாங்கிய அளவு, ஆங்கிலத் தேயிலைப் பெட்டியாகி, பணிநிலையத்துக்குள் போயிருக்கிறது. அதனால் 'பேழை' என்று தமிழாக்குவதைவிடக் 'காத்தி' என்று திருப்பி எடுத்துக்கொள்வதே நியாயம்.

பழைய பொறியாளன் எழுதியது:

நியாயம்தான். ஆனால் புரியாது. 'தகட்டுக்கூடு' போதும்.

நொய்யல் எழுதியது:

வியாழன் காலை 8.40. தாள் அச்சுக்குப் போய்விட்டது. முடிவுகள்: பிளேக்குப் பாடவை, ரிப்புக்கு உரித்தல், பொருத்தி ஒட்டும் தந்திரத்துக்கு அந்தாதிப் படிப்பு, கேடிக்குத் தகட்டுக்கூடு. ஜிட்டருக்கு 'இடப்பிசகு' என்று பொறியாளர் ஐயாவின் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டேன். புலவர் ஐயா மன்னிக்க வேண்டும், 'பாடுவிப்பி'யைத் தட்டச்சு செய்த உதவியாளர் அதைப் பிழை என்று நினைத்து இரண்டு முறை திருத்திவிட்டார். அதை ஒரு கேள்வியாக வைத்திருக்கிறேன்: 'சன் இயக்ககத்தில் யார் யாரை ஏவுகிறார்? பாடு, பாடுவி, பாடுவிப்பி என்னும் சொற்களைக் கொண்டு விளக்குக. 5 மதிப்பெண்.'

இலக்கணப்பித்தன் எழுதியது:

பாடவை என்பது துணைவினை போட்டு ஒப்பேற்றியது. ஆயினும் 5 மதிப்பெண் என்றால் சரி. விடைத்தாள்களை எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். ஈரேவலை ஒருவர் தவறாக எழுதினாலும் அடுத்த பருவத்தில் இதே இழையை மறுபடி திறப்பேன்.

கிள்ளான் எழுதியது:

காத்தியை யாரும் வாக்குக்கே விடவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.