மூன்று வருடக் கணக்கில் பறவைகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன, இதை நம்பலாமா?

கரைநடை:
வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு ஏரி இருக்கிறது. மூன்று வருடமாகக் குளிர்காலத்தில் அங்கே பறவைகளை எண்ணி நோட்டில் எழுதி வருகிறேன். முதல் வருடம் 400-க்கு மேல், போன வருடம் 300 சொச்சம், இந்த வருடம் 200 கூடத் தேறவில்லை. மனசு கேட்கவில்லை. இதற்கு நடுவே ஏரியை ஆழப்படுத்தி, கரையைச் சுற்றி மரம் நடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் பறவைகளுக்கு அது நல்லதா என்று தெரியவில்லை. இந்த நோட்டைக் கொண்டுபோய் "பறவைகள் பாதியாகிவிட்டன" என்று சொன்னால் நிற்குமா?

நாணல்காடு:
முதலில் ஒன்று சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எங்கே நின்று பார்த்தீர்கள், தனியாகவா துணைக்கு ஆளோடா? மூன்று வருடமும் இதெல்லாம் ஒன்றாக இல்லையென்றால், குறைந்தது பறவையா நீங்கள் பார்த்த நேரமா என்று பிரிக்கவே முடியாது. நம் கண்ணில் படுவது அங்கே இருப்பதில் ஒரு பங்குதான், வெயில் ஏறினாலோ காற்று அடித்தாலோ நாணல் உயர்ந்து வளர்ந்தாலோ அந்தப் பங்கும் சுருங்கிவிடும்.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900-இல் 27 பேரோடு தொடங்கியது, இன்று பல்லாயிரம் பேர் கலந்துகொள்கிறார்கள். ஆள் கூடினால் பறவையும் கூடினதுபோலத் தெரியும் இல்லையா, அதனால் வருடங்களை ஒப்பிடும்போது குழுக்கள் தேடிய மொத்த மணி நேரத்தால் வகுத்துத்தான் பார்ப்பார்கள். 1966-இல் தொடங்கிய வட அமெரிக்க இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பில் இன்னும் கறார்: ஒரு பாதையில் 50 நிறுத்தம், ஒவ்வொன்றிலும் 3 நிமிடம், அடுத்த வருடமும் அதே நிறுத்தங்கள்தான். நீங்களும் இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், ஒவ்வோர் இடத்திலும் ஒரே அளவு நேரம் நின்று எண்ணுங்கள். ஒரே வாரத்தில் மூன்று நாள் போனால் ஒரு நாளைக்கும் இன்னொரு நாளைக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று தெரிந்துவிடும், அதைவிடப் பெரிய சரிவைத்தான் சரிவு என்று சொல்ல முடியும். வழக்கமாக வரும் பறவை அன்றைக்கு இல்லையென்றால் பூஜ்யம் என்றும் எழுதுங்கள், தயவுசெய்து அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள்.

வலசைப்பாதை:
மேலே சொன்னது எல்லாம் சரி. நான் கேட்பது வேறு: எந்தப் பறவை குறைந்தது? மொத்த எண்ணிக்கை ரொம்ப ஏமாற்றும். வட அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு ஏறக்குறைய 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்ததே, அதே ஆய்வில் வாத்து இனங்கள் கூடியிருந்தன, ஈரநிலங்களைப் பாதுகாத்ததும் மீட்டதும் அதற்கு முக்கியக் காரணம். புல்வெளிப் பறவைகள்தான் மிக மோசமாகச் சரிந்திருந்தன. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இது எதுவுமே தெரிந்திருக்காது.

இன்னொன்று, நீர்ப்பறவைகள் ஓர் ஏரியை நம்பி இருப்பதில்லை. மழை நன்றாகப் பெய்த வருடம் சுற்றுவட்டாரத்துக் குட்டைகளிலெல்லாம் தண்ணீர் நிற்கும், பறவைகள் அங்கே பரவிவிடும், உங்கள் ஏரி வெறிச்சோடிக் கிடக்கும். 1967-இலிருந்து நடக்கும் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பல நாடுகளில் ஜனவரி நடுவில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எண்ணுவதே இதற்காகத்தான். சில சமயம் காரணம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால்கூட இருக்கும். தென் கொரியாவில் சேமங்கும் சேற்றுப்பரப்பை 33 கி.மீ. நீளக் கடற்சுவர் கட்டி 2006-இல் அடைத்தார்கள், வலசை வழியில் அங்கே இறங்கி இரை தேடிய உள்ளான்களுக்கு அந்த இடமே இல்லாமல் போனது. அதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

கரைநடை:
இரண்டு பேருக்கும் நன்றி. நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். முதல் வருடம் காலை ஆறரைக்குப் போயிருக்கிறேன், இந்த வருடம் பெரும்பாலும் எட்டரைக்கு மேல். அது என் தவறு. ஆனால் இனவாரியாகக் கூட்டிப் பார்த்தால், உள்ளான்களும் ஆள்காட்டிகளும்தான் போயிருக்கின்றன, நீர்க்காகமும் முக்குளிப்பானும் கூடியிருக்கின்றன.

ஈரக்கரை:
அப்படியென்றால் தண்ணீர் ஆழமாகியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளானுக்குக் கால் நனையும் அளவு தண்ணீரும் சேறும் போதும், அலகு எட்டும் ஆழத்தில்தான் அதற்குப் புழு கிடைக்கும். முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகத்துக்கு ஆழம் பிரச்சினை இல்லை. நேரம் மாறியது மட்டுமே காரணம் என்றால் எல்லாமே சேர்ந்து குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், இப்படி ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் ஏறுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆழப்படுத்தும் திட்டத்தை எதிர்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள், தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும். நடுவில் ஆழமாக வெட்டட்டும், கரையைச் செங்குத்தாக வெட்டாமல் ஒரு பக்கமாவது சரிவாக விடுங்கள் என்று கேளுங்கள். கோரையும் நாணலும் உள்ள பகுதியைத் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், முக்குளிப்பானும் நாமக்கோழியும் கூடு கட்டுவது அங்கேதான். மரம் நடுவதில் இன்னும் கவனம் வேண்டும். உள்ளானும் ஆள்காட்டியும் நாலாபக்கமும் திறந்து கிடக்கிற இடத்தைத்தான் தேடும், பக்கத்தில் உயரமான மரம் இருந்தால் அதில் பருந்து வந்து உட்கார்ந்துவிடும். சேற்றுப்பக்கம் மரமே வேண்டாம், எதிர்க்கரையில் நடட்டும்.

நோட்டோடு கரையின் படமும் எடுத்துப் போங்கள், எண்ணும் அதே இடத்தில் நின்று எடுத்தது. கூட்டின் படத்தை மட்டும் இடத்தோடு எங்கேயும் போடாதீர்கள், கூட்டம் வந்துவிட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடும். நாளைக்கே ஒரு கம்பில் சென்டிமீட்டர் கோடு போட்டு ஏரியில் நட்டுவிடுங்கள், ஒவ்வொரு முறை எண்ணும்போதும் தண்ணீர் அளவையும் பக்கத்திலேயே எழுதி வாருங்கள்.