புதுப்பிப்பு: கோல்ஃப் கார்ட் கிளம்பும்போது உதறல் – காரணம் கிளட்ச் பட்டன்

பெட்ரோல் கோல்ஃப் கார்ட் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உதறுகிறது, வேகம் எடுத்ததும் சரியாகிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

பலரும் இன்ஜின் விசையைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் பெல்ட்டைச் சொன்னீர்கள். (அந்த பெல்ட் இன்ஜின் பக்கம் டிரைவ் கிளட்ச், சக்கரப் பக்கம் டிரிவன் கிளட்ச் என்ற இரண்டு கப்பிகளில் ஓடும்.) "பெல்ட் வாங்கும் முன் டிரிவன் கிளட்சின் பட்டன்களைப் பாருங்கள்" என்றவர் கணிப்புதான் பலித்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டிரிவன் கிளட்சின் நகரும் தட்டை விலக்கி பெல்ட்டை உருட்டி எடுத்தேன்; இதற்குக் கருவியே வேண்டாம். பெல்ட்டில் விரிசல் இல்லை, ஓரம் மட்டும் பளபளவென்று இருந்தது. கிளட்சைப் பிரித்தால், தட்டு நகரும்போது உள்ளே இருக்கும் சரிவில் வழுக்கி நகர வேண்டிய பிளாஸ்டிக் பட்டன்களில் ஒன்று முழுசாகத் தேய்ந்து, உலோகத்தோடு உலோகம் உரசிய கோடு பளிச்சென்று தெரிந்தது. தட்டு சிக்கிச் சிக்கி நகர்ந்ததற்கு அதுதான் காரணம். பிரிப்பவர்கள் கவனம்: உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், தட்டை அமுக்கிப் பிடிக்காமல் லாக்கை எடுத்தால் முகத்துக்கே பாயும்.

எதிர்பாராதது, டிரைவ் கிளட்சின் பின்பக்கம் எண்ணெய்ப் படலம். கிராங்க் சீல் (இன்ஜின் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம்) கசிவு. நல்லவேளை, பெல்ட் ஓடும் முகத்துக்கு இன்னும் வரவில்லை. அந்த கிளட்சை நெம்பாதீர்கள், தட்டு வளைந்துவிடும். அதற்கான புல்லர் போல்ட் (கிளட்சைத் தண்டிலிருந்து விடுவிக்கும் போல்ட்) போட்டே கழற்ற வேண்டும். சீலை மாற்றி, தட்டுகளை ஆல்கஹாலில் துடைத்தேன். கிரீஸ் பக்கமே போகவில்லை, தூசியைப் பிடித்து வைக்கும்.

பட்டன்களை செட்டாகவே மாற்றினேன். உதறல் நின்றது. மேடு ஏறும்போது லேசான கீச்சொலி மட்டும் பாக்கி. அது அந்தப் பளபளத்த பெல்ட்டின் வேலை, அடுத்து அதை மாற்றுவேன்.